பணிவினால் உயர்ந்த பெரியார் சுவார்ட்ஸ் ஐயர்

உலகத்தில் மக்கள் பெரிதும் விரும்புவன பொருள், புகழ், அதிகாரம் என்னும் மூன்றுமாம். இம்மூன்றையும் தேடி அலைந்து பெறாதொழிந்தோர் பலர். பெற்றும் நிறைவு காணாதார் அவரினும் பலர். இவற்றைத் தேடாதிருக்கவும் இவை தாமே வந்து வாயிலில் நிற்கக் கண்டும், அவற்றைப் பிறர்பொருட்டன்றித் தம்பொருட்டுக் கையாளாத சான்றோர் மிகச் சிலரே. தம் சீடரின் பாதங்களை ஒரு வேலையாளைப்போல் கழுவிக் காட்டிய நம் ஆண்டவர், பெரியவனாக விரும்புகிறவன் ஊழியக்காரனாகக் கடவன் என்னும் நெறியை உலகிற்கு அருளினார். நம் நாட்டுப் பேராசானாகிய திருவள்ளுவரும் அடக்கமுடைமைக்கென ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். ஆதலின் இந்நற்குணம் எந்நாட்டார்க்கும் எம்மதத்தார்க்கும் உவப்பானதே. ஆயினும், தாழ்மை என்பது யாது? வலியார்முன் வாய்பொத்தி நிற்றல் தாழ்மையாமோ? பொறுப்பு வந்துழி அதனை ஏலாது விலகுதல் தாழ்மையாமோ? இவ்வினாக்களுக்கு நூல்களினும் வாழ்க்கைகளே தெளிவான விடை தருவன. அத்தகைய வாழ்க்கையொன்று நம் தமிழ்நாட்டிலேயே, தரங்கம்பாடியிலும் திருச்சிராப்பள்ளியிலும் தஞ்சாவூரிலும் நாற்பத்தேழு ஆண்டுகள் வாழப்பெற்றது. அதுவே கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ் ஐயரின் சரித்திரம். அதனை ஈண்டுச் சுருங்கக் கூற முற்படுகின்றோம்.

இளமையும் கல்வியும்

சுவார்ட்ஸ் ஐயர் 1726-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் பிரஷ்யா இராச்சியத்தைச் சேர்ந்த சோனன்பர்க் என்னும் சிற்றூரிற் பிறந்தார். அவ்வூர் இப்பொழுது போலந்து நாட்டில் உள்ளது. அவர் தந்தையார் ரொட்டி சுடுதலையும் மது வடித்தலையும் தொழிலாகக் கொண்ட நடுத்தரக் குடியினர். அன்னையார் மகன் குழந்தையாயிருக்கும்போதே இறந்தனர். இறக்குங்கால், இம்மகனைத் தாம் கடவுளுக்கென்று நேர்ந்துகொண்டதாகவும், அவன் ஊழியத்திற்குச் செல்ல விரும்பின் தடுத்தலாகாதெனவும் கணவரிடமும் போதகரிடமும் சொல்லிச் சென்றனர்.

சொந்த ஊரிலும் கூஸ்ட்ரின் நகரிலும் கற்றபின், 1746-ல் ஐயர் ஹாலே பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். அந்நகரம் அக்காலத்தில் பக்தியும் கல்வியும் ஒருங்கே தழைத்த இடம். தரங்கம்பாடிக்கு 1706-ல் வந்த சீகன்பால்கு ஐயரும் அங்கே பயின்றவரே. சென்னையிற் பணிபுரிந்து ஐரோப்பா மீண்டிருந்த பெஞ்சமின் சூல்ட்ஸ் ஐயர், தமிழ் வேதாகமத்தை ஹாலேயில் அச்சிட முயன்றுகொண்டிருந்தார். அச்சுப்பிழை திருத்துதற்குத் துணைவேண்டி, அவர் சுவார்ட்ஸைத் தமிழ் கற்குமாறு ஏவினர். அவ்வச்சுப்பணி முற்றுப்பெறாதொழிந்தது; எனினும் கற்ற தமிழ் வீணாகவில்லை. தமிழகத்தைக் கண்ணாற் காணுமுன்னே தமிழெழுத்தைக் கண்ட அவ்விளைஞர் உள்ளத்தில், அம்மொழி பேசும் மக்களிடையே சென்று தொண்டாற்றவேண்டும் என்னும் அவா முளைத்தது.

தந்தையார் முதலில் தயங்கினார். தம் மனைவியின் இறுதி வேண்டுகோளை எண்ணிச் சில நாட் கழித்து விடைகொடுத்தார். ஐயர் தமக்குரிய குடும்பச்சொத்தின் பங்கை உடன்பிறந்தார்க்கு விட்டுக்கொடுத்தார். அவ்வமயத்திலேயே ஹாலேக்கு அணித்தாக நல்ல வருவாயுள்ள குருப்பதவி ஒன்று அவரைத் தேடிவந்தது, அதனையும் மறுத்தார். 1749-ல் டென்மார்க்கின் தலைநகராகிய கோப்பன்ஹேகனிற் குருப்பட்டம் பெற்று, இலண்டன் வழியாகக் கப்பலேறி, 1750-ஆம் ஆண்டு ஜூலை மாதத்திற் சோழமண்டலக் கரையில் இறங்கினார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்துமூன்று. பிறந்த நாட்டை அவர் மீண்டும் காணவேயில்லை.

தரங்கம்பாடியில் மாணவர்

தரங்கம்பாடிக்கு வந்த சில மாதங்களுக்குள், சீகன்பால்கு ஐயர் கட்டுவித்த புதிய எருசலேம் ஆலயத்தில் நம் ஐயர் தமிழிற் பிரசங்கம் செய்தார். இதனாற் செருக்குற்று, இனிக் கற்கவேண்டுவதில்லை என அவர் இருந்துவிட்டாரல்லர். தமிழ்ச் சிறுவரோடு பள்ளியில் அமர்ந்து அவர்தம் பேச்சைக் கேட்டார். இந்நாட்டு மக்களின் சமய நூல்களையும் கதைகளையும் பல ஆண்டுகள் பொறுமையுடன் பயின்றார். ஒருவர் நம்பிக்கையை அறியாமல் அவரோடு உரையாடுதல் முறையன்று என்பது அவர் கொள்கை. பிற்காலத்தில் போர்த்துக்கீசியம், ஆங்கிலம், மராத்தி, பாரசீகம், இந்துஸ்தானி முதலிய மொழிகளையும் வேண்டிய அளவு கற்றுக்கொண்டார். அரசவையிற் பேசுதற்கு மராத்தியும், நவாபின் மக்களோடு பேசுதற்குப் பாரசீகமும் அவருக்குப் பயன்பட்டன. கற்பிக்க வந்தவர் முதலில் மாணவராக அமர்ந்தனர் என்பதை நாம் குறித்துக்கொள்ளவேண்டும்.

திருச்சிராப்பள்ளியில் எளிய வாழ்க்கை

1762-ல் ஐயர் தஞ்சாவூருக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் நடந்து சென்றார். திருச்சிராப்பள்ளியில் ஒரு பெரும்படை தங்கியிருந்தது. படைவீரர்க்குப் போதகர் ஒருவரும் இல்லை. அவர்தம் பிள்ளைகள் கற்பிப்பாரின்றித் திரிந்தனர். ஐயர் அங்கே தங்கிப் பணிசெய்யத் தொடங்கினார். மதுரையை யூசுப் கான் கையினின்று மீட்கும்பொருட்டு 1764-ல் நடந்த முற்றுகையின்போது, காயமுற்றோரிடையே சென்று அவர்களைப் பேணினார். அதற்கென நவாப் அளித்த பரிசுப்பணத்தைத் தமக்கென வைத்துக்கொள்ளாது பிள்ளைகளின் கல்விக்குச் செலவிட்டார். கோட்டையின் தெப்பக்குளத்தருகே 1766-ல் கிறிஸ்து ஆலயம் எழும்பியதும் அவருடைய முயற்சியாலேயே.

அக்காலத்தில் அவரைக் கண்டு பழகிய ஆங்கிலேயர் ஒருவர் அவர் வாழ்ந்த முறையை வியந்து எழுதிவைத்துள்ளார். மாதம் 10 வராகனே அவர் வருவாய். பழங்கட்டடம் ஒன்றில், ஒரு கட்டிலும் தாமும் இருத்தற்குமட்டும் இடங்கொண்ட சிற்றறையே அவர் இல்லம். இந்நாட்டார் சமைக்கும் முறையிற் சமைத்த சோறும் காய்கறியுமே அவர் உணவு. கறுப்புச் சாயமேற்றிய முரட்டுப் பருத்தித்துணியே ஆண்டு முழுவதற்கும் அவர் உடை. இவ்வெளிமையை அவர் ஒரு நோன்பாகக் காட்டிக்கொள்ளவில்லை. முகமலர்ச்சியோடும் நகைச்சுவையோடும் யாவரிடத்தும் பழகினார் என்றே அக்காலத்தார் கூறுவர். பின்னர்ச் சென்னை அரசாங்கத்தார் அவரைப் படையினரின் குருவாக அமர்த்தி ஆண்டிற்கு 100 பவுன் ஊதியம் வகுத்தபோது, அதிற் பாதியை மிஷன் பணிக்கே கொடுத்துவந்தார். அவர் மணம் செய்துகொள்ளவும் இல்லை. தம் நண்பராகிய மூத்த கோலாப் ஐயரின் மகன் ஜான் காஸ்பர் கோலாப் என்பாரை இளமை முதல் மகனைப்போல் வளர்த்துக் குருவாக்கினார்.

ஐதர் அலியின் அவையில்

துளஜா மகாராஜா வேண்டிக்கொண்டபடி தஞ்சைக்குப் பலகாற் சென்றுவந்த ஐயர், 1778-ல் அந்நகரையே தம் உறைவிடமாகக் கொண்டார். மறு ஆண்டில் சென்னைக் கவர்னராகிய சர் தாமஸ் ரம்போல்ட் அவரை அழைத்து, மைசூரை ஆண்ட ஐதர் அலியிடம் தூது சென்றுவருமாறு கேட்டார். ஐதர் அலி கும்பினியாரின் தூதர் எவரையும் நம்பாதவர். எனினும் சுவார்ட்ஸ் ஐயர் வந்தால் ஏற்றுக்கொள்வதாக அவரே கூறியிருந்தார். ஐயர் அரசியலிற் புகவிரும்பாதவர். ஆயினும், இரத்தஞ் சிந்துதலைத் தடுத்தற்குத் தம்மால் ஒன்று இயலுமாயின் மறுத்தல் தகாதெனக் கருதி உடன்பட்டார்.

1779 ஜூலையிற் புறப்பட்டு, ஆகஸ்டிற் ஸ்ரீரங்கப்பட்டணம் சேர்ந்தார். ஐதர் அலி அவரைத் தம் பக்கத்தில் விரிப்பின்மீது அமரச்செய்து உரையாடினார். அவ்வரசர் எழுத்தறியாதவராயினும், நூல் கற்றோரினும் விரைவாக மனிதரின் உள்ளத்தை அறியவல்லவர். அவருக்கு ஐயர்பால் ஐயம் சிறிதும் எழவில்லை. ஐயரோ அங்கிருந்த நாட்களில் ஐதரின் படையிற் பணிபுரிந்த ஐரோப்பியர்க்கும் தமிழர்க்கும் தடையின்றிப் பிரசங்கம் செய்துவந்தார்.

திரும்புங்கால் வழிச்செலவிற்கென்று 300 ரூபாய் கொண்ட பை ஒன்று அவர் பல்லக்கில் வைக்கப்பட்டிருந்தது. ஐயர் அதனைத் திருப்பிக்கொடுக்க முயன்றார். திருப்பிக்கொண்டாற் தம் உயிருக்கே இடர் நேருமென அலுவலர் அஞ்சினர். ஆதலாற் சென்னைக்கு வந்ததும் அதனை அரசாங்கத்தாரிடம் ஒப்புவித்தார். நீரே வைத்துக்கொள்ளும் என்று அவர்கள் வற்புறுத்தவே, அப்பணத்தை முதலாகக் கொண்டு தஞ்சையில் அநாதைப் பிள்ளைகட்கு ஆங்கிலப் பள்ளி ஒன்று தொடங்கினார். தூதுக்கு வெகுமதியாகத் தமக்கு ஒன்றும் வேண்டாமென்றும், திருச்சிராப்பள்ளியில் உழைக்கும் உடன்ஊழியர்க்குத் தம்மைப்போல் ஊதியம் அளித்தாற் போதுமென்றும் வேண்டினார்.

அத்தூது பயன்படவில்லை. 1780-ல் ஐதர் அலி பெரும்படையோடு கர்நாடகத்தின்மேல் வந்தார். ஊர்கள் எரிந்தன, ஏரிகள் உடைக்கப்பட்டன, மக்கள் சிதறியோடினர். அந்நிலையிலும் இப்பாதிரியார் எங்குச் செல்லினும் தடைசெய்யாது விடுங்கள் என்று ஐதர் அலி தம் அலுவலர்க்குக் கட்டளையிட்டிருந்தார். தம் பகைவரின் தூதுவராக வந்த ஒருவரை இங்ஙனம் மதித்தமைக்குக் காரணம், அத்தூதுவர் தமக்கென ஒன்றும் நாடாமையே என்பதில் ஐயமில்லை.

பஞ்சமும் ஒரு வாக்கும்

இப்போர்க்காலத்திலே தஞ்சைக் கோட்டை பெருந்துன்பத்திற்கு உள்ளாயிற்று. கோட்டைக்குள் படையினரும் மக்களும் பசியால் மாண்டனர். காலையில் தெருக்களில் பிணங்கள் கிடந்தன. நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது. கொண்டுவரக் காளைகள் இருந்தன. ஆனால் உழவரும் வண்டிமாட்டுக்காரரும் வர மறுத்தனர். முன்னர்க் கொண்டுவந்த பொருளுக்கு அரண்மனை அலுவலர் விலை கொடாது ஏய்த்தமையே காரணம். அரசர் ஓலை விடுத்தும் ஒருவரும் நம்பவில்லை. கும்பினியார் ஓலையும் பயன்படவில்லை. இறுதியில் அரசர், நம்மை நம்புவார் ஒருவருமில்லை, இக்கிறிஸ்தவரை நம்புவார்களா பார்ப்போம் என்னும் கருத்துடன், சுவார்ட்ஸ் ஐயருக்கு முழு அதிகாரம் கொடுத்தார்.

ஐயர் நாட்டாருக்குக் கடிதங்கள் விடுத்தார். கொண்டுவருவார் ஒவ்வொருவர்க்கும் தம் கையாலேயே பணம் கொடுப்பதாகவும், போரில் இழக்கும் மாட்டிற்கும் ஈடு செய்வதாகவும் அவற்றில் வாக்களித்தார். ஓரிரண்டு நாட்களுக்குள் ஆயிரத்திற்கு மேற்பட்ட காளைகள் வந்து சேர்ந்தன. உபதேசிமாரும் பிற கிறிஸ்தவரும் தம் உயிரையும் பொருட்படுத்தாது நாட்டுப்புறஞ் சென்று நெல் கொணர்ந்தனர். குறுகிய காலத்தில் 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் வந்தது. ஐயர் சொன்னவாறே ஒவ்வொருவர்க்கும் உரிய விலையைக் கொடுத்து, மேலும் ஒரு சிறு அன்பளிப்பும் தந்து அனுப்பினார். பின்னரும் ஒருமுறை அத்தகைய நெருக்கடி நேர்ந்தபோது, மக்கள் அவர் வாக்கை நம்பி வந்து கோட்டையைக் காத்தனர்.

இதற்கு முன்னரே, விலை மலிந்திருந்த காலத்தில் ஐயர் மிகுதியான நெல்லை வாங்கிச் சேமித்து வைத்திருந்தார். அதனைக்கொண்டும், நண்பர் சிலர் உதவிய பணத்தைக்கொண்டும் பஞ்சகாலம் முழுவதும் ஏழைகட்கு நாள்தோறும் கஞ்சி வார்த்தார். பசித்து வந்தவர் எச்சாதியார், எம்மதத்தார் என்று அவர் வினவினாரல்லர்.

நாம் ஈண்டு ஒன்றைச் சிந்திக்கவேண்டும். தஞ்சை அரசருக்குப் பொக்கிஷம் இருந்தது. கும்பினியார்க்குப் பீரங்கி இருந்தது. இரண்டும் ஒரு மூட்டை நெல்லைக் கொணர வலியற்றுப்போயின. சிற்றறையில் வாழ்ந்த ஒரு போதகரின் சொல் அதனைக் கொணர்ந்தது. அச்சொல்லுக்கு அவ்வலிமை ஒரே நாளில் வந்ததன்று. முப்பது ஆண்டுகளாகச் சிறு காரியங்களிலும் பொய்யாது, பிறர்பொருளை விரும்பாது வாழ்ந்த வாழ்க்கையே அவ்வாக்கிற்குப் பிணையாய் நின்றது.

குடியானவர்க்காகப் பரிந்து பேசியது

தாழ்மையுடையார் வலியார்க்கு அஞ்சி நடப்பர் என்று எண்ணுவாருளர். ஐயர் வரலாறு அதனை மறுக்கின்றது. துளஜா மகாராஜாவின் இறுதிக்காலத்தில் அரண்மனை அலுவலரின் கொடுமையால் வரிச்சுமை தாங்காது பல்லாயிரம் குடியானவர் நாட்டைவிட்டு ஓடினர். காவிரி பாயும் வயல்கள் உழுவாரின்றிக் கிடந்தன. ஐயர் அரசரிடத்தே நேரிற் சென்று, குடிகளின் துன்பத்தை மறைக்காது எடுத்துரைத்தார். மேற்பார்வைக்கென அமைந்த குழுவில் அரசாங்கத்தார் அவரையும் ஓர் உறுப்பினராக்கியபோது, குடிகளை வலிந்து ஒடுக்கும் எச்செயலுக்கும் தாம் உடன்படுவதில்லை என முன்னரே கூறிவிட்டார்.

திரும்பிவந்தால் நீதி கிடைக்கும் என்று அரசர் பெயரால் ஐயர் வாக்களித்ததும், ஓடியவர் மீண்டனர். ஒரே நாளில் 7,000 பேர் வந்தனர். பயிரிடும் பருவம் கழியுந் தறுவாயாய் இருந்தது. ஐயர் அவர்களை ஊக்கினார். தமக்குக் காட்டிய அன்பிற்கு ஈடாக இரவுபகல் உழைப்போம் என்று அவர்கள் கூறி, அவ்வாறே உழைத்தனர். அவ்வாண்டின் விளைவு முன்னாண்டினும் மிகுந்தது. தமக்கென ஒன்றும் கேளாதவர் பிறர்க்கெனக் கேட்கும்போது அஞ்சுவதற்கு ஒன்றும் இல்லை. ஆகவே அவர் பணிவும் துணிவும் ஒரு வேரினின்று கிளைத்தனவே.

சரபோஜியும் ஒரு பெருஞ்சோதனையும்

இனி ஐயரின் வாழ்க்கையில் மிகுந்த மனவருத்தம் விளைத்த நிகழ்ச்சியைக் கூறுவோம். துளஜா மகாராஜாவின் மக்கள் யாவரும் அவருக்கு முன்னரே இறந்தனர். 1787-ல் மரணப்படுக்கையிற் கிடந்த அரசர், தம் குலத்துச் சிறுவராகிய சரபோஜியைத் தத்தெடுத்தார். அப்பொழுது சரபோஜிக்கு வயது ஒன்பது. அரசர் ஐயரை அழைத்து, இவன் இனி என் மகனல்லன், உம் மகன் என்னும் பொருள்படக் கூறி, சிறுவன் கையை அவர் கையிற் கொடுத்தார்.

ஐயர் கலங்கினார். அரண்மனையில் இரு கட்சிகள் இருந்தன; தாம் குருவேயன்றி அரசியலாளர் அல்லர்; தம்மால் சிறுவனைப் பகைவரினின்று காத்தல் எளிதன்று. இவற்றையெல்லாம் எண்ணி, நாட்டை ஆளும் பொறுப்பைத் தாம் ஏலாது, அரசரின் தம்பியாகிய அமர்சிங்கைச் சிறுவனுக்குப் பாதுகாவலராக நியமிக்குமாறு கூறினார். அரசரும் அவ்வாறே செய்து உயிர்நீத்தார். பின்னர் நிகழ்ந்தது யாது? தத்து செல்லாதெனப் பண்டிதர் சிலர் தீர்ப்பளிக்க, கும்பினியார் அமர்சிங்கையே அரசராக்கினர். பாதுகாவலராக வைக்கப்பட்டவர் அரியணை ஏறினார். அரசராக வேண்டியவர் அரண்மனையின் இருளறையில் அடைபட்டார். கல்வியின்றி, வெளிச்சமின்றி, உயிர்க்கே அச்சத்தோடு சரபோஜி நாட்களைக் கழித்தார்.

ஐயர் செய்தது சரியா என்று நாம் கேட்கலாம். பதவியை விரும்பாமை நன்றே; ஆயினும் அதனால் ஒரு சிறுவன் துன்புற நேர்ந்ததே! நாம் இதனை மறைத்தற்கில்லை. தாழ்மையுடையாரும் கணிப்பிற் தவறுதல் உண்டு. ஆனால் ஐயரின் பெருமை அத்தவற்றின்பின் அவர் நடந்துகொண்ட முறையிலே விளங்குகின்றது. இஃது என் செயலன்று என அவர் கைகழுவி இருந்துவிடவில்லை. அறுபதைக் கடந்த முதுமையில், கவர்னருக்கும் பெரிய கவர்னருக்கும் கடிதம்மேற் கடிதம் எழுதினார். சிறுவனுக்குக் காவல் வைக்கச்செய்தார், ஆசிரியரை அமர்த்தினார், நேரிற் சென்று கண்டு தேற்றினார். இறுதியில் 1793-ல் சரபோஜியும் துளஜாவின் தேவிமாரும் சென்னைக்குப் பாதுகாப்பாகக் கொண்டுபோகப்பட்டனர். ஆங்கே கெரிக்கே ஐயரின் மேற்பார்வையில் சரபோஜி கல்வி பயின்றார். தத்து செல்லும் என்பதற்குரிய சாத்திரச் சான்றுகளையும் சுவார்ட்ஸ் ஐயர் திரட்டி அரசாங்கத்தார்முன் வைத்தார். கிறிஸ்தவக் குரு ஒருவர் இந்து இளவரசரின் உரிமைக்காக இந்து சாத்திரத்தைச் சான்று காட்டி வழக்காடியது வியக்கத்தக்கதன்றோ?

அவ்வளவு நெருங்கிய உறவிருந்தும், சரபோஜியை மதம் மாறுமாறு ஐயர் வற்புறுத்தினாரல்லர். தாம் நம்பிய உண்மையை மறைக்கவும் இல்லை. அதனைத் தம் உதவிக்கு விலையாகக் கேட்கவும் இல்லை. சரபோஜி தம் முன்னோர் சமயத்திலேயே இறுதிவரை நின்றார். ஐயரைத் தந்தையெனவே போற்றினார்.

தொண்டர் பலரை ஆக்கியது

ஐயரின் தொண்டு தஞ்சையோடு நின்றதன்று. பாளையங்கோட்டையில் வாழ்ந்த கிளாரிந்தா என்னும் அம்மையார் 1778-ல் அவரிடம் ஞானஸ்நானம் பெற்றார். அவ்வம்மையார் முயன்று கட்டிய ஆலயத்தை 1785-ல் ஐயர் அங்குச் சென்று பிரதிட்டை செய்தார். திருநெல்வேலிச் சீமைக்குத் தாமே தலைவராக இருக்க விரும்பாது, உபதேசியாராகிய சத்தியநாதன் என்பாரை 1790-ல் குருவாக அபிஷேகஞ் செய்வித்து அங்கு அனுப்பினார். அவர் அந்நாளில் ஆற்றிய பிரசங்கம் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு இங்கிலாந்திலும் வாசிக்கப்பட்டது. தமிழர்க்குத் தமிழரே மேய்ப்பராதல் வேண்டும் என்று ஐயர் அக்காலத்திலேயே கண்டனர். பாளையங்கோட்டையில் அவர் கண்டு தஞ்சைக்கு அழைத்துவந்து படிப்பித்த சிறுவரே, பிற்காலத்திற் பெத்லகேம் குறவஞ்சி முதலியன பாடிய வேதநாயகம் சாஸ்திரியார். தஞ்சை, இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இடங்களில் ஆங்கிலப் பள்ளிகள் தோன்றுவதற்கும், தஞ்சை ரெசிடெண்டாகிய ஜான் சல்லிவனோடு சேர்ந்து ஐயர் உழைத்தார்.

அவரிடத்துக் குறை காண்பாரும் இருந்தனர். குருவானவர் அரச காரியங்களில் மிகுதியாகத் தலையிட்டனர் என்று சிலர் கூறினர். 1826-ல் தஞ்சைக்கு வந்த ஹீபர் அத்தியட்சரும் முதலில் அவ்வாறே ஐயுற்றிருந்தார். நேரில் வந்து விசாரித்தபின் தம் எண்ணம் தவறென்று ஒப்புக்கொண்டார். சபையில் சாதி வேற்றுமையை ஐயர் உடனே களைந்தெறியவில்லை என்பதோ வேறுவகைக் குறை. ஆலயத்தில் வெவ்வேறு சாதியார் வெவ்வேறிடங்களில் அமர்ந்ததை அவர் பொறுத்துக்கொண்டார். அன்பினால் அது மெல்ல மறையும் என நம்பினார். அந்நம்பிக்கை கைகூடவில்லை. 1833-ல் டானியேல் வில்சன் அத்தியட்சர் அவ்வேற்றுமையை விலக்கவேண்டுமென ஆணையிட்டபோது எழுந்த பெருங்கலகமே அதற்குச் சான்று. ஐயரைப் போற்றும் நாம் இதனையும் அறிந்திருத்தல் நன்று; அவர் முடிக்காது விட்ட பணி நம் கையில் உள்ளதன்றோ?

இறுதிக்காலமும் நினைவும்

1797-ஆம் ஆண்டின் இறுதியில் ஐயர் நோய்வாய்ப்பட்டார். சரபோஜி வந்து கண்டார்; அவர் அரசராகும்பொழுது குடிகளுக்கு இரங்கி நடக்கவேண்டுமென ஐயர் அறிவுரை கூறினார். 1798 பிப்ரவரி 13-ஆம் நாள், சூழநின்றார் ஞானப்பாட்டுப் பாட, தாமும் தளர்ந்த குரலிற் சேர்ந்து பாடிச் சிறிதுநேரத்தில் உடனூழியர் கைகளிற் சாய்ந்து உயிர்நீத்தார். அவருக்கு வயது எழுபத்தொன்று. அடக்கத்திற்குச் சரபோஜி தாமே வந்து, பெட்டியை மூடுமுன் திருமுகத்தைக் கண்டு கண்ணீர் சொரிந்து, உடல்மீது பொற்சரிகை ஆடை போர்த்தார். ஏழைகளின் அழுகையொலியால் அன்று பாட்டும் தடைப்பட்டது. கோட்டைக்கு வெளியே உள்ள பரிசுத்த பேதுரு ஆலயத்தில் அவர் அடக்கம்பண்ணப்பட்டார். தம்மிடம் இருந்த பொருளை யெல்லாம் ஏழைகட்கும் மிஷன் பணிக்கும் எழுதிவைத்திருந்தார்.

அவர் பாடுபட்ட வழக்கு வெற்றிபெற்றதை அவர் கண்ணாற் காணவில்லை. நான்கு மாதங் கழித்து, ஜூன் மாதத்தில், சரபோஜி தஞ்சை அரியணை ஏறினார். கலையும் மருத்துவமும் நூல்நிலையமும் போற்றிப் புகழ்பெற்ற அவ்வரசர், தம் குருவைப்பற்றி ஆங்கிலத்தில் ஒரு பாட்டு இயற்றிக் கல்லறைக்கல்லிற் பொறிப்பித்தார். இங்கிலாந்தின் பெருஞ்சிற்பியாகிய ஜான் பிளாக்ஸ்மனைக்கொண்டு பளிங்குச்சிற்பம் ஒன்றும் செய்வித்தார். தஞ்சைச் சிவகங்கைக் குளத்தருகே ஐயர் கட்டிய ஆலயத்தில் அச்சிற்பம் உள்ளது. படுக்கையிற் கிடக்கும் முதியவரின் கையை இளவரசர் பற்றி நிற்கின்றார். அருகே ஒரு குருவும் பள்ளிச்சிறுவரும் காணப்படுகின்றனர். கும்பினியாரும் சென்னைக் கோட்டைப் பரிசுத்த மரியாள் ஆலயத்தில் வேறொரு நினைவுச்சின்னம் அமைத்தனர். அரசரும் வணிகரும் பகைவரும் ஏழையரும் ஒருங்கே போற்றிய வெளிநாட்டார் வேறொருவரை நம் நாட்டு வரலாற்றிற் காண்டல் அரிது.

மாணவ நண்பர்களே! நம் கல்லூரிகளினின்று ஆண்டுதோறும் பலர் பட்டம் பெற்று வெளிச்செல்கின்றனர். அவருட் சிலர்க்கு உயர்பதவியும் வரும்; சிலர்க்கு எளிய பணியே வாய்க்கும். எப்பணி வாய்ப்பினும், நம் சொல்லை நம்பி ஓர் ஏழை உழவன் தன் மாட்டையும் நெல்லையும் ஓட்டிவருவானா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக. அந்நம்பிக்கையைப் பட்டமும் பணமும் தாரா. தாழ்மை என்பது பொறுப்பினின்று விலகுதலன்று என்பதையும், தவறு நேர்ந்தால் அதனைத் திருத்தும்வரை ஓயாதிருத்தலே என்பதையும், சரபோஜிக்காகப் பத்தாண்டுகள் பாடுபட்ட அம்முதியவர் நமக்குக் காட்டிச் சென்றார். தஞ்சைக்குச் செல்லும் நண்பர்கள் சிவகங்கைக் குளத்தருகே உள்ள அவ்வாலயத்தினுட் சென்று, அப்பளிங்குச்சிற்பத்தின்முன் சிறிதுநேரம் நின்று வருவார்களாக.